யானைக்கு அங்குசம் செய்த எடிசன்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்

மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் யார் என்று நம் ஊர்த் தொடக்கப் பள்ளிச் சிறுவனைக் கேட்டாலும், எடிசன் என்று தயங்காமல் விடை சொல்வான். அந்த விடையில் பாதி உண்மை உண்டு. இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் என்பவரும் அதே காலத்தில் கரியிழை விளக்கை எரித்துக் காட்டினார். அவருக்கு முன்னும் பலர் முயன்றனர். ஆகவே விளக்கு ஒன்றை மட்டும் வைத்து எடிசனை அளப்பது, கோபுரத்தைப் பார்க்காமல் கலசத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவது போலாகும்.

விளக்கு எரிய வேண்டுமானால் எங்கோ ஒரு டைனமோ சுழல வேண்டும். அதன் ஆற்றல் கம்பி வழியே ஊருக்குள் வந்து சேர வேண்டும். வரும் வழியில் அது வீட்டைக் கொளுத்தாமலும் மனிதரைத் தீண்டாமலும் வர வேண்டும். இந்த மூன்றாவது வேலைக்காக எடிசன் பட்ட பாடு அதிகம் பேசப்படுவதில்லை. ஆற்றலை உண்டாக்குவது பாதி வேலை. அதை அடக்கி ஆள்வது மறுபாதி. அந்த மறுபாதியின் வரலாறாக அவருடைய வாழ்வைச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

1847ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள், அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில் மிலன் என்னும் சிற்றூரில் தாமஸ் ஆல்வா எடிசன் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஏழாவது குழந்தை, கடைக்குட்டி. அவருக்கு ஏழு வயதாகும்போது குடும்பம் மிச்சிகன் மாநிலத்துப் போர்ட் ஹூரன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர் பள்ளிக்குச் சென்றது சில மாதங்களே. மந்தபுத்தி உள்ள பிள்ளை என்று ஆசிரியர் கருதியதால், முன்பு ஆசிரியையாக இருந்த தாய் நான்சி, மகனை வீட்டிலேயே வைத்துக் கற்பித்தார். காதும் இளமையிலேயே மந்தமாயிற்று.

பன்னிரண்டு வயதில் போர்ட் ஹூரனுக்கும் டிட்ராய்டுக்கும் இடையே ஓடிய ரயிலில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்கத் தொடங்கினார். கிடைத்த காசில் மருந்துப் புட்டிகள் வாங்கி, சரக்குப் பெட்டியின் மூலையில் ஒரு சிறு ஆய்வுக்கூடமே அமைத்தார். ஒரு நாள் பாஸ்பரஸ் கீழே விழுந்து பெட்டி தீப்பற்றிற்று. ஆய்வுக்கூடம் வெளியே போயிற்று. 1862இல் ஒரு ரயில் நிலைய அதிகாரியின் குழந்தையைத் தண்டவாளத்திலிருந்து அவர் காப்பாற்ற, நன்றிக்கடனாக அந்த அதிகாரி தந்தித் தொழிலைக் கற்றுக் கொடுத்தார். அதன்பின் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றும் தந்தியாளராக அவர் வாழ்ந்தார்.

1868இல் பாஸ்டன் நகரில் பணியாற்றியபோது மைக்கேல் பாரடேயின் ஆய்வு நூல்கள் அவர் கைக்குக் கிடைத்தன. பாரடேயும் பட்டம் பெறாதவர். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் அசைந்தால் அதில் மின்னோட்டம் பிறக்கும் என்று 1831இல் உலகுக்குக் காட்டியவர் அவரே. கடினமான கணிதச் சமன்பாடுகள் இன்றி, செய்முறைகளை மட்டுமே விளக்கிச் சென்ற அந்த எழுத்து எடிசனுக்கு நன்கு பிடிபட்டது. 1869இல் முதல் காப்புரிமையைப் பெற்றார். அது வாக்குகளைப் பதிவு செய்யும் மின்பொறி. வாங்குவார் யாருமில்லை. தேவை இல்லாத பொருளை இனிச் செய்வதில்லை என்று அவர் முடிவு செய்தது அப்போதுதான் என்பர். 1876இல் நியூஜெர்சி மாநிலத்து மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் கண்டார். மறு ஆண்டு ஒலிப்பதிவுக் கருவி பிறந்தது. உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

கைத்திறனும் கணக்கும்

1878இன் இறுதியில் அவர் விளக்கின் பக்கம் திரும்பினார். அவருடைய தனிச்சிறப்பு இங்கேதான் தொடங்குகிறது. மற்றவர்கள் விளக்கை மட்டும் நினைத்தார்கள். அவர் விளக்கிலிருந்து டைனமோ வரை முழு வழியையும் நினைத்தார்.

நூறு வாட் ஆற்றலைப் பத்து வோல்ட்டில் அனுப்பினால் பத்து ஆம்பியர் ஓடும். நூறு வோல்ட்டில் அனுப்பினால் ஒரே ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆகவே அதே கம்பியில் முதல் வழியின் இழப்பு இரண்டாம் வழியின் இழப்பைப் போல் நூறு மடங்கு. வகுப்பறையில் நாம் இரண்டு வரியில் போட்டு முடிக்கும் கணக்கு இது. ஆனால் இந்தக் கணக்கின் பயனாகத்தான், விளக்கின் இழை மெல்லியதாகவும் மின்தடை நூறு ஓம் அளவுக்கு உயர்ந்ததாகவும் இருக்க வேண்டும் என்ற முடிவு கிடைத்தது. இல்லையேல் தெருவெங்கும் புதைக்க வேண்டிய தாமிரத்தின் விலையிலேயே நிறுவனம் மூழ்கியிருக்கும்.

இந்தக் கணக்குகளுக்குத் துணை நின்றவர் பிரான்சிஸ் அப்டன். பிரின்ஸ்டனில் படித்துப் பட்டம் பெற்று, பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேரறிஞரிடம் பயின்றவர். பள்ளியையே சரியாகப் பார்க்காத எடிசனும் பல்கலைக்கழகங்களைப் பார்த்து வந்த அப்டனும் ஒரே மேசையில் அமர்ந்தனர். கையறிவு ஒருபுறம், ஏட்டறிவு ஒருபுறம். இரண்டும் ஒன்றையொன்று ஏளனம் செய்யாமல் இணைந்ததால்தான் காரியம் கைகூடியது.

டைனமோவிலும் அப்படியே. டைனமோவின் உள்தடையும் வெளிச்சுற்றின் தடையும் சமமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று பரவியிருந்தது. அவ்வாறு அமைத்தால் பாதி ஆற்றல் டைனமோவுக்குள்ளேயே வெப்பமாகிவிடும். எடிசனும் அப்டனும் ஆர்மெச்சூரின் தடையை மிகவும் குறைத்தனர். உள்தடை ஒரு பங்கும் வெளித்தடை ஒன்பது பங்கும் ஆனால் தொண்ணூறு விழுக்காடு ஆற்றல் வெளியே கிடைக்கும் அல்லவா? அன்றைய அறிஞர் சிலர் இதை நம்ப மறுத்தனர். டைனமோ மறுக்கவில்லை, சுழன்றது. 1879 அக்டோபரில் கரியாக்கிய பருத்தி நூலிழை விளக்கு பல மணி நேரம் எரிந்தது. அவ்வாண்டின் கடைசி இரவில் மென்லோ பார்க்கில் பொதுமக்கள் திரண்டு வந்து அந்த ஒளியைக் கண்டு வியந்தனர்.

உருகித் தன்னை மாய்த்துக் கொள்ளும் கம்பி

வியப்பு அடங்குமுன்பே எடிசனின் உள்ளத்தில் அச்சம் புகுந்தது. உள்தடை குறைந்த டைனமோ என்பது பேராற்றல் படைத்தது. எங்கேனும் இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் அதன் மின்னோட்டத்தைத் தடுப்பார் யார்? 110 வோல்ட் அழுத்தத்தில் கம்பியின் தடை பத்தில் ஒரு பங்கு ஓம் என்று கொள்வோம். ஓம் விதிப்படி 1,100 ஆம்பியர் பாயும். மரச்சுவரும் திரைச்சீலையும் நிறைந்த வீட்டில் அது கொள்ளிக்கட்டைக்கு நிகர்.

இதற்கு விடையாக 1880ஆம் ஆண்டிலேயே அவர் ஒரு காப்புரிமை பெற்றார். சுற்றின் நடுவே ஒரு சிறு கம்பித்துண்டை வேண்டுமென்றே மெலிதாக வைப்பது. மின்னோட்டம் அளவு கடந்தால் மற்றக் கம்பிகள் சூடேறுமுன் அது மட்டும் உருகி அறுந்து சுற்றைத் துண்டிப்பது. உருகிய துளி தரைவிரிப்பில் விழுந்து தீ மூட்டாதிருக்க அதற்கோர் உறையும் அமைத்தார். இதுவே நம் வீட்டுப் பியூஸ். தாமிரம் உருக 1,085 பாகை செல்சியஸ் வேண்டும். ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடும். வலிமையான உலோகம் செய்ய முடியாத காவலை மெலிந்த உலோகம் செய்கிறது.

நம் கிராமங்களில் நடப்பது என்ன? பியூஸ் கட்டையில் கம்பி அடிக்கடி போகிறது என்று, வயரிலிருந்து நாலைந்து செம்பு இழைகளை உருவி முறுக்கிக் கட்டிவிடுகிறோம். அதன்பின் பியூஸ் போவதில்லை. மோட்டார் போகிறது, சில வேளை கூரையும் போகிறது. கம்பி ஏன் உருகியது என்று கேட்பதை விட்டுவிட்டு, உருகாத கம்பியைத் தேடுகிறோம்.

மண்ணுக்குள் ஒரு போராட்டம்

அந்நாளில் நியூயார்க் நகரத்தின் வானத்தைத் தந்திக் கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் சிலந்தி வலைபோல் மூடியிருந்தன. எடிசன் தம் கம்பிகளை மண்ணுக்குள் புதைப்பதென்று உறுதி பூண்டார். 1880இல் மென்லோ பார்க்கில் சோதனையாகக் கம்பிகளைப் புதைத்துப் பார்த்தபோது மின்சாரம் மண்ணுக்குள் கசிந்தோடிற்று. நல்ல மின்காப்புப் பொருள் அன்று விலைக்குக் கிடைக்கும் சரக்கன்று. எனவே ஓர் உதவியாளர் நூலகத்திலும் வேதியியல் கூடத்திலும் அமர்ந்து, கலவை மேல் கலவையாகச் சோதித்தார். ட்ரினிடாட் தீவிலிருந்து வந்த நிலக்கீலை ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சி, பாரபினும் சிறிது தேன்மெழுகும் சேர்த்த கலவையே இறுதியில் வென்றது. அதில் தோய்த்த துணிப்பட்டைகளைக் கம்பிகளின்மேல் சுற்றிப் புதைத்தனர்.

நியூயார்க் நகரத்துக்கு இதைவிட உறுதியான முறை வேண்டியிருந்தது. இருபது அடி நீள இரும்புக் குழாய்களுக்குள் அரைவட்ட வடிவத் தாமிரக் கம்பிகள் இரண்டை வைத்து, இடைவெளி முழுவதும் காப்புக் கலவையை ஊற்றி நிரப்பினர். இணைப்புப் பெட்டிகளோடு அவற்றைத் தெருவுக்கடியில் பதித்துக்கொண்டே சென்றனர்.

ஜம்போவின் வெறியாட்டம்

பேர்ல் தெருவில் 255, 257 எண்ணிட்ட பழைய கட்டடங்களை வாங்கி மின்நிலையம் அமைத்தனர். ஏறத்தாழ 27 டன் எடையும் 100 கிலோவாட் ஆற்றலும் கொண்ட டைனமோக்கள் அங்கே நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் நீராவி எஞ்சினோடு நேராக இணைந்தது. சர்க்கஸ் புகழ் ஜம்போ யானையின் பெயரே அவற்றுக்கும் வழங்கலாயிற்று. பெயருக்கேற்ப அவை மதம் பிடித்தாடிய நாளும் வந்தது.

1882 ஜூலையில் முதன்முறையாக இரண்டு ஜம்போக்களை இணைகரமாகச் சேர்த்து ஓட்டிப் பார்த்தனர். உடனே ஓர் எஞ்சின் ஓய்ந்து நிற்பதுபோல் தளர, மற்றொன்று வெறிகொண்டு சுழன்றது. மறுகணம் நிலை மாறித் தளர்ந்தது பாய்ந்தது, பாய்ந்தது தளர்ந்தது. கட்டடம் அதிர்ந்தது. கூடியிருந்தோர் பலர் ஓடிவிட, எடிசனும் துணைவர் ஒருவரும் பாய்ந்து நீராவியை அடைத்தனர்.

நடந்தது என்ன? இணைகரச் சுற்றில் ஒரு டைனமோவின் மின்னியக்கு விசை சற்றுக் குறைந்தாலும் அதன் மின்னோட்டம் திசை மாறிவிடும். அப்போது அது டைனமோ அன்று, மோட்டார். மற்ற டைனமோவின் மின்சாரத்தை உண்டு அது சுழலும். வேகம் மிகுந்ததென்று அதன் கவர்னர் நீராவியைக் குறைக்கும். சுமை கூடிய மற்ற எஞ்சின் தளர, அதன் கவர்னர் நீராவியைத் திறந்துவிடும். இவ்வாறு இரண்டு கவர்னர்களும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கின. ஒவ்வோர் எஞ்சினும் தனித்தனியே ஓடும்போது நன்றாகவே ஓடியது. குறை இரண்டின் கவர்னர்களும் இணைந்து இயங்கிய விதத்தில் இருந்தது.

எடிசன் இரு கவர்னர்களையும் ஒரு தண்டால் பிணைத்துப் பார்த்தார். தண்டு முறுக்கிக் கொண்டது. குழாயும் தண்டும் சேர்ந்த அமைப்பு ஒன்றைச் செய்து அந்த முறுக்கலைச் சமன் செய்தார். பின்னர் ஆர்மிங்டன் சிம்ஸ் என்னும் வேறு வகை எஞ்சின்கள் வந்தபின்தான் இணைகர ஓட்டம் முழு அமைதி பெற்றது. இன்று பெரிய ஆலைகளில் இரண்டு ஜெனரேட்டர்களைச் சேர்க்குமுன் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் கட்டமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதும், எதிர்த்திசையில் ஆற்றல் பாய்ந்தால் உடனே துண்டிக்கும் ரிலே வைப்பதும் இதே ஆபத்தை மனத்தில் கொண்டுதான்.

சிவப்பு விளக்கும் நீல விளக்கும்

1882ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள் பிற்பகல் மூன்று மணி. பேர்ல் தெருவில் ஜான் லீப் என்ற பொறியாளர் ஸ்விட்சை மூட, வால் தெருவில் மார்கன் வங்கியின் அலுவலகத்தில் எடிசன் நிற்க, விளக்குகள் எரிந்தன. அன்று ஓடியது ஒரே ஜம்போ. 82 வாடிக்கையாளர்கள், 400 விளக்குகள். 1884இல் அது 508 வாடிக்கையாளர்களாகவும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விளக்குகளாகவும் வளர்ந்தது.

மாலை வேளையில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படும்போது மின்னழுத்தம் இறங்கும், அணைக்கப்படும்போது ஏறும். ஏறினால் இழைகள் கருகும். இறங்கினால் வெளிச்சம் மங்கும். இதற்காக மின்காந்தம் ஒன்றினால் இயங்கும் காட்டியை அங்கே வைத்திருந்தனர். அழுத்தம் ஓரிரு வோல்ட் ஏறினால் சிவப்பு விளக்கு எரியும். இறங்கினால் நீல விளக்கு எரியும். காவலிருக்கும் பணியாளர் ஒரு கைச்சக்கரத்தைத் திருப்பி, டைனமோவின் புலச்சுருளில் உள்ள தடையைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். புலச்சுருளில் ஓடும் சிறு மின்னோட்டம், ஆர்மெச்சூரில் எழும் பெருமின்னோட்டத்தை ஆள்கிறது. யானைப்பாகன் கையிலுள்ள அங்குசம் அதுதான். இன்றைய ஜெனரேட்டரில் அந்தப் பணியாளரின் வேலையைத் தானியங்கி மின்னழுத்தச் சீராக்கி என்ற சிறு மின்னணுப் பலகை செய்கிறது. அதன் வேலை அன்றிருந்த வேலையேதான்: பார்ப்பது, ஒப்பிடுவது, புலத்தைத் திருத்துவது.

தொடங்கிய சில காலத்திலேயே இன்னொரு பாடமும் வந்தது. ஆன் தெருவும் நாசா தெருவும் கூடும் இடத்தில், வண்டிக் குதிரைகள் ஓரிடத்தை மிதித்ததும் துள்ளிக் குதித்தன. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. மண்ணுக்கடியில் ஓர் இணைப்புப் பெட்டி பழுதாகி, ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்திருந்தது. குளம்பில் இரும்பு லாடம் கட்டிய குதிரைக்கு அது முதலில் தெரிந்துவிட்டது. புதைத்தால் போதும் என்ற நிம்மதி அன்றோடு போயிற்று. கசிவைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கற்றனர்.

1883 ஜூலை 4ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்துச் சன்பரி நகரில் எடிசனின் மூன்று கம்பி முறை முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. ஓரக் கம்பிகள் இரண்டுக்கும் இடையே 220 வோல்ட். ஒவ்வொன்றுக்கும் நடுக்கம்பிக்கும் இடையே 110 வோல்ட். தாமிரம் பாதிக்கும் மேல் மிச்சமானது. ஆனால் நடுக்கம்பி அறுந்தால் சுமை குறைந்த பக்கத்து விளக்குகளின்மேல் அழுத்தம் ஏறிவிடும். நம் தெருவில் நியூட்ரல் போய்விட்டது என்று சொல்லி, தொலைக்காட்சிப் பெட்டிகள் எரிந்துபோகும் நாளில் நடப்பதும் இதைப் போன்றதே.

இன்றைய பேனல் போர்டில் எடிசன்

இக்கட்டுரைக்கு நான் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் ஓர் அரிசி ஆலையில் ஜெனரேட்டர் ஆபரேட்டர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க அவருக்கு வாய்க்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பேனல் போர்டின் கதவைத் திறக்குமுன் அவர் செய்யும் காரியங்கள் சில உண்டு. சாவியைத் தானியங்கி நிலையிலிருந்து நிறுத்த நிலைக்குத் திருப்பி, உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அடுத்து பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவார். பிறகு மின்வாரியக் கரண்ட் உள்ளே வரும் பியூஸ்களை எடுப்பார். கடைசியாக, எரிகிற இடத்தில் ஒருமுறை காட்டிச் சரிபார்த்த சோதனை விளக்கைக் கொண்டு ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பார்ப்பார். அதன்பிறகே கை வைப்பார்.

இதன் காரணம் எனக்கு இயற்பியல் படித்தபின்தான் முழுதாக விளங்கிற்று. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வரும் மின்சாரம் ஒன்றல்ல, மூன்று. எஞ்சினைக் கிளப்பும் பாட்டரியின் 12 அல்லது 24 வோல்ட் ஒன்று. ஜெனரேட்டரே தரும் மாறுதிசை மின்சாரம் ஒன்று. வெளிக் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்காக மின்வாரிய இணைப்பிலிருந்து வரும் மெல்லிய கம்பிகள் ஒன்று. எஞ்சின் நின்றிருந்தாலும் மூன்றாவது உயிரோடுதான் இருக்கும். பாட்டரியைக் கழற்றாவிட்டாலோ, வெளிக் கரண்ட் நின்ற அடுத்த நொடிகளில் எஞ்சின் தானே கிளம்பிவிடும்.

எங்கள் வட்டாரத்து ஆலை ஒன்றில் அப்படித்தான் கிளம்பிற்று. பெட்டிக்குள் கை வைத்திருந்த ஹெல்ப்பர் இளைஞர் உயிர் பிழைத்தார்; வலக்கை பிழைக்கவில்லை. அவருக்கு அப்போது என் வயதுதான். இந்த மூன்று மின்சாரங்களையும் அவருக்கு யாரும் எண்ணிக் காட்டியிருக்கவில்லை.

இன்னும் சில விதிகளும் உண்டு. கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கென்று அவற்றின் அளவுக்கேற்ற தனிப் பியூஸ் வேண்டும். பெரிய சுற்றின் பியூஸ் மெல்லிய கம்பியைக் காக்காது. ஒவ்வொரு கம்பியின் இருமுனையிலும் ஒரே எண் இருக்க வேண்டும். மின்னோட்டத்தை அளக்கும் கரண்ட் டிரான்ஸ்பார்மரின் துணைச்சுற்றைச் சுமை ஓடும்போது ஒருபோதும் திறக்கலாகாது. திறந்தால் அம்முனைகளில் ஆளைக் கொல்லும் அழுத்தம் எழும். அவசர நிறுத்தப் பொத்தானை, கம்பி அறுந்தாலும் எஞ்சின் நிற்கும் வகையில் மூடிய சுற்றாக அமைக்க வேண்டும். ஆலைச் சுமை ஒரே நேரத்தில் மின்வாரியத்தோடும் ஜெனரேட்டரோடும் சேராதபடி சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். இல்லையேல் மின்சாரம் திரும்பிச் சென்று, கம்பத்தின்மேல் வேலை செய்யும் தொழிலாளியைத் தாக்கும். இவை யாவும் பேர்ல் தெருவில் தொடங்கிய சிந்தனையின் பிள்ளைகளே.

நிலவில் ஒரு கறை

எடிசனைப் போற்றும் நாம் அவர் வாழ்வின் கறையையும் மறைக்கலாகாது. அவருடைய நேர்திசை மின்சாரம் ஒன்றிரண்டு மைலுக்கு அப்பால் செல்ல இயலாதது. டிரான்ஸ்பார்மரின் துணையால் மாறுதிசை மின்சாரத்தை நெடுந்தொலைவு அனுப்பலாம் என்று 1886 முதல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் செய்து காட்டியது. உயர் அழுத்தக் கம்பிகள் சரியான காப்பின்றித் தெருக்களில் தொங்கியதும், அதனால் மனிதர் மாண்டதும் உண்மையே. ஆனால் அக்குறையைத் தீர்க்கும் வழியைத் தேடுவதற்கு மாறாக, மாறுதிசை மின்சாரமே கொலைகாரன் என்று அச்சமூட்டும் பணிக்கு எடிசன் தரப்பு துணை போயிற்று. 1888இல் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்று காட்டினர். 1890 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஒரு மனிதன் மாறுதிசை மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டான். பாதுகாப்புக்காகப் பாடுபட்டவரின் பெயர், பாதுகாப்பு என்ற சொல்லை வணிக ஆயுதமாக்கிய செயலோடும் சேர்ந்துவிட்டது.

முடிவில் மாறுதிசை மின்சாரமே வென்றது. 1892இல் நிறுவனங்கள் இணைந்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆனபோது எடிசனின் பெயரே உதிர்ந்து போயிற்று. பேர்ல் தெரு நிலையம் 1890 ஜனவரி 2ஆம் நாள் தீக்கிரையானது. தப்பியது ஒரே ஒரு ஜம்போ. எனினும் மன்ஹாட்டனில் நேர்திசை மின்சார விநியோகம் 2007 நவம்பர் வரை ஓரளவு நீடித்தது. நெடுந்தொலைவுக்கு நேர்திசை முறையே சிக்கனம் என்று இன்று மீண்டும் கண்டிருக்கிறார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்திசை மின்சாரம் வருகிறது.

எடிசன் பின்வாங்கவும் அறிந்தவர். எக்ஸ்-கதிர் ஆய்வில் ஈடுபட்டிருந்த அவருடைய உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அக்கதிர்களால் கைகள் அழுகி, 1904இல் மாண்டார். அந்தத் துயரம் எடிசனை உலுக்கிற்று. எக்ஸ்-கதிர் ஆய்வையே கைவிட்டார்.

அணைக்க முடியாத ஒரு நிமிடம்

1,093 அமெரிக்கக் காப்புரிமைகளுக்கு உரியவரான எடிசன், 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18ஆம் நாள் தம் 84ஆம் வயதில் மறைந்தார். அவருக்கு அஞ்சலியாக நாடு முழுவதும் மின்சாரத்தை ஒரு நிமிடம் நிறுத்தலாம் என்ற யோசனை எழுந்தது. ஆனால் ஒரு நிமிடம் நிறுத்தினாலும் உயிர்களுக்கே ஆபத்து நேரும் என்று அந்த யோசனையைக் கைவிட்டனர். மாறாக, அக்டோபர் 21ஆம் நாள் இரவு பத்து மணிக்கு மக்கள் தாமாகவே தம் விளக்குகளைச் சற்று நேரம் அணைக்குமாறு குடியரசுத் தலைவர் ஹூவர் வேண்டினார். விளக்குகள் அணைந்தன, ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்த இருளிலும் எங்கோ ஒரு பணியாளர் அளவுகோல் முள்ளைப் பார்த்தபடி, சுமை குறைந்ததற்கு ஏற்பப் புலத்தைத் திருத்திக்கொண்டு நின்றிருப்பார்.

அன்புத் தோழர்களே! நம்மில் பலர் பட்டம் பெற்று ஆசிரியராகலாம். சிலர் ஆலைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் செல்லலாம். எங்கே சென்றாலும், நாம் கற்ற ஓம் விதியையும் வெப்ப விதியையும் தேர்வுத் தாளோடு விட்டுவிட வேண்டாம். நம் வீட்டுப் பியூஸ் கட்டையில் எந்தக் கம்பி இருக்கிறது என்று இந்த விடுமுறையில் பார்ப்போம். எர்த் கம்பி மண்ணைத் தொடுகிறதா, துருப்பிடித்து அறுந்து நிற்கிறதா என்று பார்ப்போம். கையால் தொழிலைக் கற்றுக்கொண்டவர்களிடம் அதன் காரணத்தைச் சொல்வோம். அவர்களிடமிருந்து அதன் செய்முறையைக் கேட்டுக்கொள்வோம். எடிசனுக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே.